ஆர்வியில் மாதக்கணக்கில் தங்க இடம் பார்க்கிறீர்களா? அமெரிக்கக் கேம்ப்கிரவுண்டைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஒரு வார விடுமுறைக்கு ஆர்வி (உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்துக் கேம்ப்கிரவுண்டை, அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமை, தேர்ந்தெடுத்தால் குடி முழுகிப் போய்விடாது. பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பிவிடலாம். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு குளிர்காலம் முழுவதும் என்று தங்கப் போகிறவர் நிலைமை வேறு. மாத வாடகை கட்டியாகிவிட்டது, வேலை அந்த ஊரில் இருக்கிறது, குழந்தைகள் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மின்சாரம் போதவில்லை என்றோ, மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் என்றோ தெரிந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இப்படி நீண்ட நாள் தங்குகிறவர்கள் பல வகை. வடக்கின் பனிக்குப் பயந்து அரிசோனாவுக்கும் புளோரிடாவுக்கும் டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கும் வரும் ஓய்வுபெற்றவர்கள் ஒரு பக்கம். பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் ஊர் மாறும் டிராவல் நர்ஸ்கள், குழாய்ப்பாதை போடும் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். பழைய வீட்டை விற்றுவிட்டுப் புது வீடு கட்டி முடியும்வரை ஆர்வியில் இருக்கும் குடும்பங்களும், மடிக்கணினியை வைத்து எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இந்தக் கடைசி இரண்டு வகையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். விசாவில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியதைப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்த இடத்தைப் பார்த்தாலும், போய் நின்ற பிறகு நம்மால் மாற்ற முடியாதவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் உயரம், நம் இடத்தில் உள்ள மின்இணைப்புக் கம்பத்துக்கு வரும் மின்சாரம், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, வெயில் விழும் திசை ஆகிய நான்கும் அந்த வகை. குளம், விளையாட்டுத் திடல், சனிக்கிழமை பான்கேக் எல்லாம் அப்புறம்.

படி 1: உங்கள் வண்டியையும் காலத்தையும் எழுதி வையுங்கள்

தொலைபேசியை எடுப்பதற்கு முன்னால் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: வண்டியின் மொத்த நீளம் (பின்னால் மாட்டும் சைக்கிள் தாங்கி, முன்னால் உள்ள கொக்கி எல்லாம் சேர்த்து), அதன் மின்சாரத் தேவை 30 ஆம்பா 50 ஆம்பா என்பது, தயாரித்த ஆண்டு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை தங்குவீர்கள் என்பது.

தயாரித்த ஆண்டு எதற்கு என்று தோன்றும். பல தனியார் ஆர்வி பார்க்குகளில் (ஆர்விகள் நிற்பதற்கான கேம்ப்கிரவுண்டுகளில்), பத்து ஆண்டுக்கு மேல் பழைய வண்டியை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் புகைப்படம் அனுப்பச் சொல்லி, வண்டி நன்றாக இருந்தால் விதியைத் தளர்த்துவார்கள். அதனால் பழைய வண்டி என்றால் முதலிலேயே படத்தோடு கேட்டுவிடுவது நல்லது. வந்து வாசலில் நின்ற பிறகு பேச்சு வார்த்தை நடத்துவது சிரமம்.

நீளத்தைப் பொறுத்தவரை, 40 அடி ஃபிஃப்த் வீல் (பிக்கப் லாரியின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய ஆர்வி) வைத்திருப்பவர் "40 அடி இடம்" என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வண்டியை இழுத்து வந்த பிக்கப் லாரியும் அங்கேதான் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஸ்லைடு (அறையைப் பெரிதாக்க வெளியே நீளும் சுவர்ப் பகுதி) வெளியே வந்தால் மரத்திலோ கம்பத்திலோ இடிக்குமா என்பதையும் கேளுங்கள்.

படி 2: எங்கே நீண்ட நாள் அனுமதி உண்டு, எங்கே இல்லை

அழகான இடங்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. அங்கேதான் நீண்ட நாள் தங்க முடியாது. தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகள், ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரை முகாம்கள், பெரும்பாலான மாநிலப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் 14 நாள் என்பதுதான் வழக்கமான வரம்பு. பி.எல்.எம். எனப்படும் நில நிர்வாக அமைப்பின் திறந்த நிலங்களிலும் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள்தான். அதன் பிறகு வேறு இடத்துக்கு நகர வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. அதே பி.எல்.எம். 1983 முதல் அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் நீண்ட நாள் தங்குவோருக்கென்றே சில பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. குவார்ட்ஸ்சைட் ஊருக்குத் தெற்கே உள்ள லா போசாவும், யூமாவுக்கு அருகே உள்ள இம்பீரியல் டாமும் அவற்றில் புகழ்பெற்றவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் தங்கலாம். தனியார் பார்க்கோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் உங்கள் இடத்தில் மின்சாரமோ குழாயோ சாக்கடை இணைப்போ கிடையாது. சூரியத் தகடும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் உள்ளவர்களுக்கும், அமைதியாக நட்சத்திரம் பார்த்து உட்கார விரும்புகிறவர்களுக்கும் இது அருமையான இடம். சின்னக் குழந்தைகளோடு, தினமும் எட்டு மணி நேரம் காணொளிக் கூட்டத்தில் இருக்கும் வேலையோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மிச்சம் உள்ளது தனியார் பார்க்குகள். இவற்றிலும் வகை உண்டு. 1962ல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கே.ஓ.ஏ. போன்ற சங்கிலி நிறுவனங்களின் முகாம்கள் பெரும்பாலும் பயணிகளுக்கானவை. சில கிளைகளில் மட்டும் மாத வாடகை இருக்கும். உறுப்பினர் கட்டணம் வாங்கும் அமைப்புகளில் சேர்ந்தால் பல ஊர்களில் தங்கலாம், ஆனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டியிருக்கும். ஒரே ஊரில் இருக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது. அப்புறம் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க்குகள். 1995ல் வந்த சட்டப்படி, குடியிருக்கும் இடங்களில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயதான ஒருவராவது இருந்தால், குழந்தைகள் உள்ள குடும்பங்களை மறுக்க அந்தப் பார்க்குக்கு உரிமை உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரோடு பேரக்குழந்தைகளும் இருப்பார்கள் என்றால் இதை முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள். விருந்தாளியாக வரும் குழந்தை எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் அங்கே விதி இருக்கும்.

மாநிலப் பூங்காக்களில் கேம்ப் ஹோஸ்ட் என்ற தன்னார்வப் பணி உண்டு. வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்தால் இடம் இலவசம், 14 நாள் வரம்பும் பொருந்தாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு நல்ல வழி. வேலை விசாவில் இருப்பவர்களோ, பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரோ இதில் இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட வேண்டும். வேலைக்குப் பதிலாக இலவச இடம் கிடைப்பதைக் கூலியாகக் கருத வாய்ப்பு இருக்கிறது.

படி 3: தண்ணீர் எங்கே வரும் என்று பாருங்கள்

இதை வாடகையைக் கேட்பதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன். பொருட்சேதம் மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆர்வி பார்க்குகள் ஆற்றோரத்தில் அமைவதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளம் வரும் நிலத்தில் வீடு கட்ட விதிகள் கடுமை. சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கடுமை பல இடங்களில் இல்லை. விலை மலிவு, காட்சி அழகு, அதனால் பார்க் அங்கே வந்துவிடுகிறது. 2010 ஜூன் 11 அதிகாலையில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில் லிட்டில் மிசௌரி ஆறு பெருகி, தூங்கிக்கொண்டிருந்த 20 பேரை அடித்துச் சென்றது. 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸின் கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. கரையோர ஆர்வி பார்க்குகளிலிருந்து வண்டிகள் ஆட்களோடு மிதந்து போயின. அந்த வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் இரவு நேரத்தில், விடுமுறைக் காலத்தில் நடந்தவை. தண்ணீர் உயரும் வேகத்தில் ஒரு ஃபிஃப்த் வீலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுக்க நேரமே இருக்காது.

ஆகவே பார்க்கின் முகவரியை ஃபெமா எனப்படும் மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பின் வெள்ள வரைபடத் தளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம்தான். ஏ அல்லது வி என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால், எந்த ஆண்டிலும் வெள்ளம் வர குறைந்தது நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். ஒரே பார்க்குக்குள்ளேயே மேட்டுப் பகுதி அந்த மண்டலத்துக்கு வெளியேயும், ஆற்றோர வரிசை மண்டலத்துக்கு உள்ளேயும் இருக்கும். எனவே பார்க்கின் பெயரை மட்டும் பார்க்காமல் உங்களுக்குத் தரும் இடத்தின் எண் எங்கே வருகிறது என்று பாருங்கள். வரைபடத்தில் இல்லாத சின்ன ஓடைகளும் பொங்கும். தரையில் வறண்ட ஓடைத்தடம், மர அடியில் சிக்கிய பழைய குப்பை, வேலியில் தொங்கும் காய்ந்த புல் ஆகியவை தண்ணீர் வந்துபோன உயரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது தண்ணீர் உள்ளே வந்தது? இரவில் எச்சரிக்கை வந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? சைரன் இருக்கிறதா? வெளியே போக எத்தனை வழி? ஒரே வழிதான், அதுவும் தாழ்வான பாலத்தின் மேல் என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அந்த இடத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். கைபேசியில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் வானிலை வானொலி ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

புளோரிடாவும் மெக்சிகோ வளைகுடாக் கரையும் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் ஆர்விகள்தான் முதலில் கிளம்ப வேண்டும். ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் காற்று இறங்கியும், சுற்றிலும் மரப்படி, கூடாரம் எல்லாம் கட்டியும் இருந்தால் அந்த நாளில் தவித்துப் போவீர்கள். ஓக்லஹோமா, கன்சாஸ் பக்கம் என்றால் சுழற்காற்று வரும்போது ஒதுங்க கான்கிரீட் கட்டடம் உள்ளதா, இரவில் அது திறந்திருக்குமா என்று கேளுங்கள். சுழற்காற்று வரும்போது ஆர்விக்குள் இருப்பது ஆபத்து.

படி 4: மின்சாரத்தைச் சோதியுங்கள்

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்டில் அதிகபட்சம் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருவதால் மொத்தம் 12,000 வாட். 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்குக்கும் மேல் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நம் சமையலறையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட். வெந்நீர்த் தொட்டியை மின்சாரத்தில் வைத்தால் 1,400. இன்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 1,800. இந்த மூன்றுக்கே 4,700 ஆகிவிட்டது, இன்னும் மைக்ரோவேவைத் தொடவில்லை. 30 ஆம்பில் வாழ முடியும், ஆனால் சாம்பார் கொதிக்கும்போது வெந்நீரை அணைக்கும் பழக்கம் வர வேண்டும். தொடர்ந்து மணிக்கணக்கில் இழுக்கும் சுமையை 80 சதவீதத்துக்குள், அதாவது 2,880 வாட்டுக்குள் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இல்லாவிட்டால் பிளக் சூடாகி உருகும். வெப்பப் பகுதியில் கோடையைக் கழிக்கப் போகிறீர்கள், வண்டியும் தாங்கும் என்றால் கூடுதல் காசு கொடுத்தாவது 50 ஆம்ப் இடத்தை எடுங்கள்.

எழுதியிருக்கும் ஆம்பை விட முக்கியமானது, மாலை ஐந்து மணிக்கு உண்மையில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்பது. பழைய பார்க்குகளில் கம்பி போட்ட காலத்தில் வண்டிக்கு ஒரு ஏசிதான், அதுவும் எல்லோரிடமும் கிடையாது. இப்போது ஒரு வண்டியில் இரண்டு, மூன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் ஏசியின் கம்ப்ரசர் அதிக ஆம்பை இழுத்துச் சூடாகும், ஆயுள் குறையும். 114 முதல் 126 வரை இருந்தால் நிம்மதி. நல்ல மின் பாதுகாப்புக் கருவி வழக்கமாக 104க்குக் கீழே போனால் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். அந்தக் கருவி இல்லாமல் நீண்ட நாள் தங்கப் போகாதீர்கள். 50 ஆம்ப் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 120 வோல்டில் ஓட வேண்டிய பொருள்களுக்கு 240 வரை பாயும். ஒரு நொடியில் டிவி, மைக்ரோவேவ், மின்சுற்றுப் பலகை எல்லாம் போய்விடும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது கருவியையோ மல்டிமீட்டரையோ எடுத்துப் போய், அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கம்பத்தில் பாருங்கள். கோடையில் என்றால் மாலை ஐந்து மணி வெயில் நேரத்தில் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். பிளக் துளைகளில் கருகிய பழுப்பு நிறம், ஆடும் பிரேக்கர், மூடி இல்லாத பெட்டி கண்ணில் பட்டால் வேறு இடம் கேளுங்கள்.

படி 5: தண்ணீர், கழிவு, எரிவாயு

முழு இணைப்பு என்றால் தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும். மாதக்கணக்கில் தங்க மூன்றும் வேண்டும். சாக்கடைக் குழாயின் வாய் உங்கள் வண்டியின் வெளிக்குழாயை விடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள், மேட்டில் இருந்தால் தினமும் அவதி. குழாயில் அழுத்தம் அதிகமாக வரும் ஊர்கள் உண்டு, அதை 50 பி.எஸ்.ஐ. (நீர் அழுத்தத்தின் அலகு) அளவில் நிறுத்தும் ஒழுங்கி (ரெகுலேட்டர்) மாட்டுங்கள். சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிப்போய் திடக்கழிவு மட்டும் குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறப்பதுதான் முறை.

குளிர் நாட்டில் தங்குவதென்றால் புரொப்பேன் கணக்கு முக்கியம். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தின் அலகு) வெப்பம் இருக்கிறது. 30,000 பி.டி.யு. ஹீட்டர் நிற்காமல் ஓடினால் 14 மணி நேரம்தான் வரும். கடுங்குளிர் வாரத்தில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதே வேலையாகிவிடும். அதனால் பெரிய தொட்டியை வாடகைக்கு வைத்து லாரி வந்து நிரப்பிப் போகும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பாவாடை போல மூடி கட்ட அனுமதி உண்டா, குளிர்காலத்தில் குழாயை நிறுத்திவிடுவார்களா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டியவை. வடக்கு மாநிலங்களில் பல முகாம்கள் அக்டோபரில் மூடி வசந்தத்தில்தான் திறக்கும்.

படி 6: வெயில், நிழல், சிக்னல்

2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 பாரன்ஹீட்டை எட்டியது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். ஆர்வியின் ஏசி வெளி வெப்பத்தை விடச் சுமார் 20 பாரன்ஹீட் டிகிரி குறைத்தாலே பெரிது. சுவர் மெல்லியது, ஜன்னல் பெரிது. அரிசோனாவில் குளிர்கால வாடகையை விடக் கோடை வாடகை மலிவாக இருப்பதன் காரணம் இதுதான். மலிவு என்று போகிறவர்கள் மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கும் திசை அதனால்தான் முக்கியம். வாசலும் கூரைத்துணியும் உள்ள பக்கம் மேற்கைப் பார்த்தால், மாலை வெயில் முழுவதும் உட்காரும் இடத்தில் விழும். கோடையில் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த வாசல் வேண்டும். குளிர்காலத்தில் தெற்கு வெயில் உள்ளே வந்தால் எரிவாயு மிச்சம்.

மர நிழல் கோடையில் சுகம், ஆனால் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு அதுவே தடை. அமெரிக்காவில் அந்தத் தட்டுக்கு வடக்கு வானம் திறந்திருக்க வேண்டும். பார்க் தரும் வைஃபையை நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாலையில் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் அது நகராது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசியை எடுத்துப்போய், அதே இடத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். அலுவலக வாசலில் வரும் சிக்னல் கடைசி வரிசையில் வராது.

படி 7: வாடகையும் ஒப்பந்தமும்

மாத வாடகை ஊரையும் பருவத்தையும் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு வெகு மேலேயும் போகும். நாள் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்த்தால் மாத வாடகை பெரும்பாலும் பாதிக்கும் கீழே இருக்கும், அதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். நாள் வாடகையில் மின்சாரம் அடங்கும், மாத வாடகையில் பெரும்பாலும் அடங்காது. மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். போன ஜூலையிலும் ஜனவரியிலும் உங்களைப் போன்ற வண்டிக்கு எவ்வளவு வந்தது என்றும் கேளுங்கள். முன்பணம், இரண்டாவது கார், நாய், கூடுதல் ஆள், குப்பை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதச் செலவு எழுதிப் பார்த்த பிறகே இரண்டு பார்க்குகளை ஒப்பிடுங்கள். தங்கும் வரி பல மாநிலங்களில் 30 நாளுக்கு மேல் தங்கினால் விலகும், புளோரிடாவில் அதற்கு ஆறு மாதத்துக்கு மேல் வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

அடுத்து, சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பது. விருந்தினரா, வாடகைதாரரா? விருந்தினர் என்றால் சீக்கிரம் வெளியேற்றலாம். வாடகைதாரர் என்றால் முன்னறிவிப்பு, நீதிமன்றம் என்று பாதுகாப்பு உண்டு. இந்த இரண்டையும் பிரிக்கும் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் டெனன்ட் (வாடகைதாரர்), ஒன்பது மாதமானால் ரெசிடென்ட் (குடியிருப்பாளர்), உரிமைகளும் அதற்கேற்பக் கூடும். அந்த உரிமை வராமல் தடுக்க, முப்பது நாள் முடிவதற்குள் ஒரு நாள் வெளியே போய்வரச் சொல்லும் வழக்கம் அங்கே பல பார்க்குகளில் இருந்தது. 2024 முதல் அப்படிக் கட்டாயப்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. வேறு மாநிலத்தில் இந்தப் பேச்சு வந்தால், அந்த ஒரு நாளில் உங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட மாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது நான்கு வரிகள்: வாடகையை எப்போது, எத்தனை நாள் அறிவிப்போடு கூட்டலாம், நாம் முன்கூட்டியே கிளம்பினால் மீதிப் பணம் வருமா, அவர்கள் நம்மை வேறு இடத்துக்கு மாற்றலாமா, பார்க்கை விற்றால் ஒப்பந்தம் என்ன ஆகும். கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் மாறிய வருடம்தான் வாடகை ஏறும், விதி மாறும். இணைய விமர்சனங்களைப் படிக்கும்போதும் கடைசி ஒரு வருடத்தில் வந்தவற்றையே படியுங்கள், முந்தியவை பழைய நிர்வாகத்தைப் பற்றியவையாக இருக்கலாம்.

விதிப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளியே துணி காயப்போடக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, விருந்தாளிக்கு நாள் கணக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நமக்கு முக்கியமான ஒன்று வெளியே சமைக்கலாமா என்பது. பக்கத்து வண்டி பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நிற்கும். உள்ளே மிளகாய் தாளித்தால் வாசம் மெத்தை வரைக்கும் ஏறி நாள்கணக்கில் போகாது. வெளியே ஒரு சின்ன கேஸ் அடுப்பில் தாளிப்பையும் மீன் வறுவலையும் முடித்துக்கொண்டால் நமக்கும் நல்லது, அண்டை அயலாருக்கும் நல்லது. காட்டுத்தீ அபாயம் உள்ள மேற்கு மாநிலங்களில் தீத் தடை வரும்போது கேஸ் அடுப்புக்கும் தடை உண்டா என்று கேட்டு வையுங்கள்.

படி 8: முகவரி, விசா, காப்பீடு

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் முகவரி மாறிய 10 நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியேற்ற அலுவலகத்துக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ஆர்வி பார்க்கின் முகவரியும் முகவரிதான். மாதக்கணக்கில் தங்கும் ஒவ்வொரு ஊருக்கும் இது பொருந்தும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய விஷயம் ஒன்று. உங்கள் விசா குறிப்பிட்ட நகர்ப்பகுதியில் வேலை செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது. "வீட்டிலிருந்து வேலைதானே" என்று டல்லாஸ் முகவரியை வைத்துக்கொண்டு டூசானில் ஆர்வியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை பார்த்தால் வேலை செய்யும் இடம் மாறிவிட்டது என்று ஆகும். 2015ல் வந்த சிமியோ என்ற குடியேற்றத் தீர்ப்புக்குப் பிறகு, புதிய நகர்ப்பகுதிக்குப் போகும் முன் நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே இடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் பேசுங்கள். வேறு மாநிலம் என்றால் வருமான வரிப் பிடித்தமும் மாறும்.

தபால் பார்க் அலுவலகத்துக்கு வருமா, பார்சலை யார் வாங்கி வைப்பார்கள், பள்ளி நிர்வாகம் அந்த முகவரியை ஏற்குமா என்பதையும் கேளுங்கள். ஆர்வி காப்பீடு பெரும்பாலும் பொழுதுபோக்குப் பயணத்துக்கானது. அதையே வீடாக வைத்துக்கொண்டால் முழுநேரக் குடியிருப்புக்கான காப்பீட்டுக்கு மாற்ற வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேர்ந்து பணம் கேட்கும்போது மறுக்க அதுவே காரணமாகலாம்.

படி 9: போய்ப் பாருங்கள், சில நாள் தங்குங்கள்

மாதக் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதே பார்க்கில் நாள் வாடகைக்கு இரண்டு மூன்று இரவு தங்குங்கள். அதில் ஒன்று வெள்ளி அல்லது சனிக்கிழமை இரவாக இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு ரயில் போகிறதா, நெடுஞ்சாலைச் சத்தம் எப்படி, வார இறுதியில் கூட்டம் என்ன செய்கிறது என்பது பகலில் வந்து பார்த்தால் தெரியாது.

துணி துவைக்கும் அறைக்குப் போங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, தரை சுத்தமா என்பதில் நிர்வாகத்தின் குணம் தெரிந்துவிடும். நீண்ட நாள் தங்குகிறவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் அமெரிக்க ஆர்விக்காரர்கள் மனம் திறந்து பேசுவார்கள். "மின்சார பில் சரியாக வருகிறதா? ஏதாவது உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்? மறுபடியும் இங்கே வருவீர்களா?" என்ற மூன்று கேள்வி போதும். மாத வாடகைக்காரர்களை எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்று நடந்து பாருங்கள். படத்தில் காட்டும் ஏரிக்கரை வரிசை நாள் வாடகைக்கு, மாதத்துக்கு வருகிறவர்களுக்குப் பின்பக்கக் குப்பைத் தொட்டி வரிசை என்பது பல இடங்களில் நடக்கிறது. உங்களுக்கு எந்த எண் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மளிகைக் கடை, மருத்துவமனை, இந்தியக் கடை எவ்வளவு தூரம் என்பதை வண்டி ஓட்டியே பாருங்கள். யூமா, குவார்ட்ஸ்சைட் போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் இட்லி அரிசியும் உளுந்தும் பருப்பும் ஃபீனிக்ஸிலேயே வாங்கி நிரப்பிக்கொள்வது நல்லது.

படி 10: வந்து நின்ற அன்று

பிளக்கைச் செருகுவதற்கு முன் மின் பாதுகாப்புக் கருவியை மட்டும் மாட்டிக் கம்பத்தைச் சோதியுங்கள். தவறு காட்டினால் அப்போதே வேறு இடம் கேட்பது எளிது. மீட்டரின் எண்ணைத் தேதியோடு படம் எடுங்கள். தரை, கம்பம், மேசை, ஏற்கெனவே உடைந்திருப்பவை எல்லாவற்றையும் படம் எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், முன்பணம் திரும்ப வாங்கும்போது உதவும். அடுத்த முப்பது நாள் மீட்டரை நீங்களும் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். முதல் பில்லில் உள்ள யூனிட்டும் உங்கள் குறிப்பும் ஒத்துவராவிட்டால் பணம் கட்டும் அன்றே எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எந்த எண்ணிலிருந்து கணக்குத் தவறியது என்று காட்டுவது கடினமாகிவிடும்.